விதவையின் மூன்றாவது பாட்டு

கோபர்க், மெல்பர்ன்
ஜூலை 14

அன்புள்ள பிரைடிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அவருக்கு முழங்கால் வலி, எனக்கு வாய்க்கொழுப்பு, இரண்டுக்கும் மருந்து இல்லை என்கிறார். அபர்டீனில் நீயும் பிள்ளைகளும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா. நாடகம் பெரிய தியேட்டருக்கு வந்துவிட்டதே, உனக்கு ஏன் சந்தோஷமே இல்லை என்று போனில் கேட்டாய், அப்பா பக்கத்தில் இருந்ததால் சொல்ல முடியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் மேடையில் பாடி நடித்தவள் நான், இந்தப் பாட்டு நாடகத்தின் விதவை வேஷத்தை பெண்டிகோ, மில்டுரா என்று ஊர் ஊராக இரண்டு வருஷம் சுமந்தேன். மெல்பர்ன் வந்ததும் தயாரிப்பாளர் டெஸ்மண்ட் கூப்பிட்டு, "குரல் உன்னோடதுதான் வெர்லி, ஆனா டிக்கெட் விக்க டிவியில பாத்த மூஞ்சி வேணுமே" என்றான். வேஷம் சமையல் நிகழ்ச்சி நடத்தும் ரோவீனாவுக்குப் போயிற்று. அவளுக்கு முடியாத நாளில் மேடையேற நான் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டுமாம், பாட்டுகளையும் நானே பழக்கிவிட வேண்டுமாம்.

பழக்கினேன். மூன்றாவது பாட்டில் ஒரு நீண்ட வரி, நடுவில் திருட்டுத்தனமாக மூச்சு எடுக்காவிட்டால் கடைசி உச்ச ஸ்வரம் எட்டாது. அதை மட்டும் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல பிரைடி, வேண்டுமென்றேதான். ஒத்திகையில் ரோவீனா அடக்கிப் பாடித் தப்பித்தாள். முதல் காட்சியில் முழுக் குரலெடுத்தபோது ஆயிரம் பேர் முன்னால் குரல் அறுந்தது, யாரோ சிரித்தார்கள். திரை ஓரத்தில் நின்று கேட்டேன். இதற்குத்தானே காத்திருந்தேன், ஆனால் சந்தோஷம் வரவில்லை. இடைவேளையில் கண்மை வழிய என் அறைக்கு வந்தாள், திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். "நீங்க எவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்தீங்க, நான்தான் உங்க பேரைக் கெடுத்துட்டேன்" என்றாள்.

மறுநாள் அந்த மூச்சைச் சொல்லிக்கொடுத்தேன், அப்போதுதான் ஞாபகம் வந்தவள்போல. கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். பிறகு அந்த வரியில் அவள் ஒரு நாளும் தவறவில்லை, ஒரு நாளும் விடுப்பும் எடுக்கவில்லை. டெஸ்மண்டை நான் மன்னிக்கப்போவதில்லை, என்னையும்தான். ஒவ்வொரு இரவும் அந்த வரி வரும்போது திரைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவளோடு சேர்ந்து மூச்சு எடுக்கிறேன்.

பிள்ளைகளுக்கு முத்தம், எல்லோரும் நன்றாக இருங்கள். சின்னவன் கால் அளவை அனுப்பு, கம்பளிக் காலுறை பின்னுகிறேன். அப்பாவிடம் இதைச் சொல்லாதே, அவர் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் அம்மா,
வெர்லி