வடக்கே எங்கேயோ ஒரு கிராமம்

டிசம்பர் 7, ஞாயிறு

மனித உரிமைக் கட்டுரைப் போட்டியில் எனக்குத்தான் முதல் பரிசாம். மாலையில் நடுவர் போனில் சொன்னார். புதன்கிழமை வில்லியனூரில் விழா, கட்டுரையைப் புத்தகத்திலும் போடுவார்களாம். நான் மகிழ்ந்து முடிப்பதற்குள், "ஒரு சின்ன திருத்தம்மா" என்றார்.

காலனிப் பிணம் ஊர்த்தெரு வழியாகப் போகக்கூடாது என்று ஊர்க்காரர்கள் தடுத்ததால், பெரியப்பாவை முழங்கால் சேற்றில் வயலுக்குள் சுமந்து போனதைத்தான் எழுதியிருந்தேன். போன மழையில், எங்கள் ஊரில் நடந்தது.

"நம்ம பக்கம் இதெல்லாம் ஏதும்மா? விழாவுக்கு ஊர்ப் பெரியவங்கள்லாம் வராங்க. வடக்க எங்கியோ ஒரு கிராமம்னு மாத்திடு. மத்தபடி அருமையான எழுத்து."

அருமையான எழுத்தாம்! பாடை சரிந்ததும், அம்மா வரப்பில் நின்று கத்தியதும் அவருக்கு எழுத்து. உரிமை மீறல் என்றால் ரயில் ஏறிப் போய்த்தான் பார்க்க வேண்டும் போல.

அம்மாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "உங்க பெரிப்பா விழுப்புரத்தையே தாண்டினதில்லடி. செத்தப்புறம் வடக்க அனுப்புறானுங்களா?" சிரித்தாள். பிறகு கழுவிய மீனையே மறுபடி கழுவினாள்.

என் பெயரை அச்சில் பார்க்க எனக்கு ஆசைதான். அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் சற்றுமுன் அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். "ஐயா, ஒரு வரியும் மாறாது. முடியாதென்றால் பரிசை வேறு யாருக்காவது கொடுங்கள்."

படித்துவிட்டார்.

மழை பிடித்துக்கொண்டது; வயலெல்லாம் மறுபடி சேறாகும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் எதிர்வீட்டுத் தாத்தா காலையிலிருந்து கஞ்சிகூடக் குடிக்கவில்லையாம்.