கப்பலில் இறங்கவிருக்கும் மகனுக்கு

கிள்ளான், மலேசியா
12.12.1974

சௌபாக்கியவதி சௌந்தரநாயகிக்கு,

ஈசன் திருவருளால் இங்கு நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

பொங்கல் விடுப்பு முடிந்து திரும்பியதும் நம் சிற்றம்பலம் போர்க்கப்பலின் தளத்தில் முதன்முறையாக ஜெட் விமானத்தை இறக்கப்போகிறான் அல்லவா? "இறங்கும்போது வேகத்தைத் தணித்துக்கொள், மகனே" என்று அவனுக்கு எழுதியிருந்தேன். விமான நிலையத்தில் பொறியாளராக இருந்த தியாகராசாவிடம் இதைக் கோயிலில் சொன்னேன்.

"ஐயோ, ஐயா! தளத்து ஓரத்துல வழிகாட்டுற கண்ணாடி விளக்கைப் பார்த்து இறங்கி, சக்கரம் தளத்துல பட்டதும் இஞ்சினுக்கு முழு வேகம் குடுக்கணும் லா! வாலுல உள்ள கொக்கி, தளத்துக்குக் குறுக்கே கட்டியிருக்கிற கம்பியில மாட்டலன்னா மறுபடி பறக்கணுமே? வேகத்தைக் குறைச்சா நேரா கடல்தான்!" என்று சிரித்தார்.

அன்று மாலைப் பூசையில் நான் ஓதிய பதிகத்தில் ஒரு பாட்டு விட்டுப்போயிற்று. குருக்கள் திரும்பிப் பார்த்தார். வேறொன்றுமில்லை, கலங்காதே.

நாரத்தங்காய் ஊறுகாய் சிறிது அனுப்பு. தனியே உண்ணும் சோற்றுக்கு ஏதேனும் துணை வேண்டியிருக்கிறது.

பொங்கல் விடுப்பில் அவன் வந்ததும் முதல் வேலையாக இதைச் சொல்: கற்பித்தவர்கள் சொன்னபடியே செய்யட்டும். இதுவரை என் சொல்லைத் தட்டாத பிள்ளை. இந்த ஒன்றில் மட்டும் தட்ட வேண்டும். தட்டுவேன் என்று உன் கையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்.

பூசை மணி ஒலிக்கிறது.

சட்டநாதன்