காளான் வளர்ப்பதாகச் சொன்ன வீடு

பெப். 1, ஞாயிறு

காலையில் கடும் பனி. பஸ் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. தலவாக்கலையில் இருந்து நானுஓயா வரை நின்றுகொண்டே பயணம். கையில் விளக்குமாறு, வாளி, சவர்க்காரத் தூள். குடியிருந்த ஆள் போன வாரம் காலி செய்துவிட்டான். அடுத்து ஒரு நர்ஸ் பிள்ளை வரப்போகிறாள், கைக்குழந்தையோடு. அதற்குள் வீட்டைக் கழுவி வைக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் கட்டாரில் லொறி ஓட்டிக் கட்டிய வீடு. ஒருநாள்கூட அதில் படுக்கவில்லை. போன வருடம் பெட்டியில் வந்தார். அதன்பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆள் பிடித்தது, சாவி கொடுத்தது எல்லாம் அவருடைய தம்பி சுதாகர். "காளான் வளக்கிற ஆளு அண்ணி. சத்தம் போடாத மனுசன். நீங்க ஒண்ணுக்கும் அலைய வேணாம்." நானும் அலையவில்லை.

கதவைத் திறந்ததும் வாடை. பூச்சி உருண்டையும் ஊதுபத்தியும். அதற்கு அடியில் வேறு ஏதோ, பச்சையாக, பிசுக்காக.

பார்த்தவை:
ஜன்னல்களில் உள்பக்கமாகக் கறுப்புப் பொலித்தீன். ஓரம் விடாமல் டேப்.
பெரிய அறைச் சீலிங்கில் வட்ட ஓட்டை. தலை நுழையும்.
சீலிங் முழுக்கக் கொக்கிகள், வரிசையாக.
பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக. மூலைகளில் கறுப்புப் பூஞ்சணம்.
தரையில் வட்டக் கறைகள், பூச்சட்டி வைத்து எடுத்த மாதிரி.
குளியலறைச் சுவரைத் துளைத்து அறைக்குள் ஒரு தண்ணீர்க் குழாய்.
குசினி மட்டும் புத்தம் புதுசு. எண்ணெய்த் துளி இல்லை. இத்தனை மாதம் இருந்த ஆள் ஒரு டீத்தண்ணிகூடப் போட்டுக் குடிக்கவில்லையா.

காளானுக்கு இருட்டு வேண்டும், அதனால்தான் பொலித்தீன் என்று நினைத்துக்கொண்டே தரையைக் கழுவினேன். பாதி கழுவிய பிறகுதான் தோன்றியது. இருட்டில் வளர்வதற்கு எதற்கு இத்தனை கொக்கி? என்னத்தைத் தொங்கவிட்டான்? லைட்டா?

குளியலறையில் தண்ணீர் போகவில்லை. கம்பியால் கிளறினேன். மண், வெள்ளை வேர்கள், ஓர் இலை. விரலை விரித்த மாதிரி, ஓரமெல்லாம் பல். பிடிபட்ட செடிகளுக்குப் பக்கத்தில் பொலிஸ்காரர்கள் நிற்கும் பேப்பர் படத்தில் இதே இலையைப் பார்த்திருக்கிறேன். கஞ்சா.

பயம் வரவில்லை. இலையைச் சவர்க்காரத் தூள் பைக்குள் போட்டேன். கை கழுவினேன். வரும் வழியில் கரட், லீக்ஸ் வாங்கினேன். லீக்ஸ் நல்லதாக இல்லை.

பெப். 2, திங்கள்

வெயில். கடையில் கல்யாணக் கூட்டம் ஒன்று. சேலையை விரித்துக் காட்டினேன், மடித்தேன், விரித்தேன். "பார்டர் இன்னும் பெருசா இல்லையாங்க?" இருந்தது.

வீட்டுக்கு வந்தால் சுதாகர், மாமிக்குப் பிரஷர் மருந்து கொண்டுவந்திருந்தான். மாமி, அவருடைய அம்மா, என்னோடுதான் இருக்கிறார், அவர் போன பிறகும். மாமியின் காலில் சுதாகர் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். "வீடு கழுவியாச்சா அண்ணி?" என்று கேட்டான். "பாதி" என்றேன். "மிச்சத்த நான் பாத்துக்கிறேன், ஆளு வச்சு பெயிண்ட் அடிச்சிரலாம்" என்றான். நல்லவன் என்று நினைத்தேன். வாடகைக்கு வந்தவன் எங்கள் இருவரையும் ஏமாற்றிவிட்டான், இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சொல்லவில்லை. தூக்கம் நன்றாக வந்தது.

பெப். 4, புதன்

லீவு நாள். தெருவெல்லாம் கொடி. வயரிங் வேலை செய்யும் மணியம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மறுபடி நானுஓயா. மீட்டர்ப் பெட்டியைத் திறந்தவர் கையை எடுத்துக்கொண்டார்.

"தொட்றாதீங்க தங்கச்சி. மீட்டருக்கு முன்னாலயே வயர இழுத்துருக்கான். பில்லு கம்மியாத்தான வந்துச்சு?"

"ஆமாங்க."

"கள்ளக் கரண்ட்டு. இங்க பாருங்க, வயரு உருகிப் பலகையோட ஒட்டிக் கெடக்கு. பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு இதுல யாரு இருக்கிறது? என்னைக்குத் தீப்புடிக்கும்னு சொல்ல முடியாதுங்க."

காளான் வளர்த்தார்களாம் என்றேன். சீலிங்கை ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்த்தார். டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் சோமா அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கணவர் ரயில்வேயில் இருந்தவர். சிங்களத்தில்தான் பேசுவார். தங்கச்சி என்பதை நங்கி என்பார்.

"நங்கி, போன மாசம் உறைபனி விழுந்த காலையில எங்க கூரையெல்லாம் வெள்ளையா கெடந்துச்சு. உங்க கூரை மட்டும் ஈரமா, ஆவி பறந்துகிட்டு. உள்ள அப்படி என்ன எரியுதுன்னு நானும் அவரும் பேசிக்கிட்டோம். எந்நேரமும் ஃபேன் இரையிற சத்தம் வேற."

"யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா."

"உங்க மல்லிதான் வேன் எடுத்துக்கிட்டு வந்து வந்து போவாரே. மூட்டை இறக்குவாரு, ஏத்துவாரு. வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு இருந்தோம்."

மல்லி என்றால் தம்பி. எனக்குத் தம்பி கிடையாது. சுதாகரைத்தான் சொல்கிறார். நானுஓயா பக்கம் போவதாக ஒருநாளும் அவன் என்னிடம் சொன்னதில்லை.

சோமா அக்கா பப்பாசிப்பழம் ஒன்று கொடுத்தார். பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். பழுத்தது, கனம். அதை மட்டும்தான் யோசித்தேன்.

பெப். 5, வியாழன்

மழை தூறல். கடையில் கரண்ட் இல்லை.

சாயந்தரம் சுதாகர் வந்தான். மாமி கோயிலில். மேசையில் இலையை வைத்தேன், காய்ந்து சுருண்டிருந்தது. பார்த்தான். உட்கார்ந்தான்.

"அந்த ஆளு வேலையா இருக்கும் அண்ணி."

"சோமா அக்கா ஒன்னையப் பாத்துருக்காங்க. ஒன் வேன."

இலையை விரலால் தள்ளினான். பிறகு பேசினான், வேகமாக. வீடு சும்மாதானே கிடந்தது. யாரையும் வெட்டவில்லை, குத்தவில்லை, செடிதானே. ஆரம்பித்துவிட்டு நிறுத்த அந்த ஆள் விடவில்லை. இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. இனி அந்தப் பேச்சே இல்லை.

"நாலு நாள்ல பெயிண்ட் அடிச்சு, சீலிங்க மாத்தி, நர்ஸ் புள்ளைய குடி வச்சிரலாம். யாருக்கும் தெரியாது."

"வயரு?"

"அதையும் பாத்துக்கலாம்."

"உருகிப் போயி கெடக்கு. கைப்புள்ளயோட வர்றா அவ."

"பாத்துக்கலாம்னு சொல்றேன்ல." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வீடு ஒங்க பேர்ல இருக்கு அண்ணி. பொலிஸ் வந்தா மொதல்ல ஒங்களத்தான் கேப்பாங்க. நான் யாரு? எனக்கும் அந்த வீட்டுக்கும் என்ன?"

இதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. இஞ்சி போட்டு டீ கொடுத்தேன். குடித்தான். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

பெப். 6, வெள்ளி

மாமிக்குச் சொன்னேன். முழுதும். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். நான் முடித்த பிறகும் பொறுக்கினார்.

"ஒண்ணு பொட்டியில வந்துச்சு. இன்னொண்ண நான் கம்பிக்கு உள்ளாற பாக்கணுமா?"

"நான் என்ன மாமி செய்யிறது?"

"வாய மூடிக்கிட்டு இரு தாயி. பெயிண்ட் அடிச்சிட்டுப் போகட்டும்."

அரிசியை வாங்கிக் களைந்து உலையில் போட்டேன். சோறு நன்றாக வெந்திருந்தது.

பெப். 8, ஞாயிறு

வெயில், காற்று. துணி துவைத்தேன்.

நர்ஸ் பிள்ளை போன் பண்ணினாள். "அக்கா, தொட்டிலு கட்ட உத்தரத்துல கொக்கி இருக்குமா?"

இருக்கு என்றேன். நிறைய இருக்கு. சொல்லிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அவள் "ஹலோ, ஹலோ" என்றாள். பிறகு சொன்னேன். "அந்த வீடு சரிவராது தங்கச்சி. வேற பாத்துக்க." ஏன் என்று கேட்டாள். கரண்ட் பழுது என்றேன். அவளுக்குக் கோபம். நியாயம்தான்.

நாளைக்குப் பொலிசுக்குப் போவது என்று முடிவு. துணிச்சல் எல்லாம் இல்லை. பெயிண்ட் அடித்த சுவருக்குள் அந்த வயர் இருக்கும். அவள் வராவிட்டாலும் வேறு யாராவது வருவார்கள். அவ்வளவுதான் யோசித்தேன், அதற்கு மேல் ஓடவில்லை.

மாமியிடம் சொன்னேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெப். 9, திங்கள்

கடைக்கு லீவு சொன்னேன். கிளம்பும்போது மாமி வெள்ளைச் சேலை கட்டி, குடையோடு வாசலில்.

"நானும் வாறேன்."

"எதுக்கு மாமி?"

முன்னால் நடந்தார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அதிகாரி காலில் விழுந்து மகனை விடச் சொல்லிக் கெஞ்சப்போகிறார் என்று நினைத்தேன். நான் சொல்வதெல்லாம் பொய் என்றும் சொல்லலாம். தடுக்கத் தோன்றவில்லை.

பொலிசில் நீண்ட பெஞ்சு. பக்கத்தில் கோழி திருட்டு என்று ஒரு ஆள். எங்களைக் கூப்பிட்டார்கள். கடையில் பேசிப் பழகிய சிங்களம் கைகொடுத்தது. பொலித்தீன், ஓட்டை, வயர், இலை. சார்ஜன்ட் எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை வைத்தார்.

"வீடு யார் பேரில்?"

"என் பேரில்."

"சொந்த வீட்டில் இத்தனை மாதம் கஞ்சா வளர்ந்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாது. அதை நாங்கள் நம்ப வேண்டும்?"

சுதாகர் சொன்னது நடந்துவிட்டது. அவன் பெயர் நாக்கில் இருந்தது, வெளியே வரவில்லை. மாமி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சொல்வது.

மாமி எழுந்தார். தோட்டத்தில் கொழுந்து எடுத்தே காலம் போக்கியவர், சிங்களம் அரைகுறை.

"மகே புத்தா" என்றார். என் மகன்.

சார்ஜன்ட்டுக்கு விளங்கவில்லை. மாமி குடையைக் கீழே வைத்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "மகே புத்தா. சுதாகர்." பிறகு என் தோளில் கை வைத்துத் தமிழில், "இவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க மாத்தயா. மூத்தவன் பொஞ்சாதி. எளையவன்தான் செஞ்சான். எழுதிக்கிடுங்க." என்னிடம், "நீ சொல்லு தாயி, அவருக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்றார்.

நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் மகனைப் பற்றி அவர் சொன்னதை, அப்படியே, ஒரு சொல் விடாமல்.

வெளியே வந்து ரோல்ஸ் வாங்கினோம். மாமி தன்னுடையதில் பாதியை எனக்குக் கொடுத்தார். ஆறியிருந்தது.

பெப். 10, செவ்வாய்

சுதாகரை வேன் நிறுத்தும் இடத்தில் வைத்துப் பிடித்தார்களாம். ஓடவில்லையாம். நானுஓயா வீட்டைப் படம் எடுத்து, சீல் வைத்துவிட்டார்கள். வாடகைக்கு இருந்த ஆளைத் தேடுகிறார்களாம். அவன் கொடுத்த பெயரே வேறாம்.

அக்கரப்பத்தனையில் இருந்து நாத்தனார் போன். ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. "பெத்த தாயே புடிச்சுக் குடுப்பாளா? மருமக சொன்னா கெணத்துல குதிப்பியா?" மாமி, "அடுப்புல கறி இருக்கு" என்று வைத்துவிட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நான் அழ வேண்டும் என்று நினைத்தேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றும் பார்த்தேன். வரவில்லை. பல் துலக்கிவிட்டு வந்தேன்.

பெப். 12, வியாழன்

கடை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முதலாளி அம்மா மட்டும், "சாப்ட்டியா?" என்றார். வழக்கமாகக் கேட்கமாட்டார்.

நர்ஸ் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்துவிட்டதாம். மெசேஜ் போட்டிருந்தாள். தொட்டிலின் படமும்.

பெப். 17, செவ்வாய்

ரிமாண்டில் சுதாகரைப் பார்க்கப் போனோம். மாமி புட்டும் கருவாட்டுக் குழம்பும் செய்தார். வாசலில் இருந்த காவலர் யார் என்று கேட்டார். மாமி, "அம்மா" என்றார். காவலர் என்னைப் பார்த்தார்.

"அண்ணி" என்றேன். உள்ளே விட்டார்கள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சுதாகர். மழித்த முகம், சின்னப் பையனைப் போல. மாமியிடம் பேசினான். சாப்பாடு, பாய், பக்கத்தில் படுப்பவனின் இருமல். மாமி வலையில் விரலைக் கோத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "ம்" போட்டார். பொலிசில் சொன்னதையும் சொன்னார். "நாந்தான் ஒன் பேரச் சொன்னேன்." அவன், "தெரியும்மா" என்றான்.

என்னை அவன் பார்க்கவில்லை. நேரம் முடிந்தது என்று சத்தம் போட்டபோதுதான் பார்த்தான்.

"ரொம்பக் குளிருது அண்ணி. அண்ணனோட ஸ்வெட்டர் எதாவது கெடந்தா கொண்டாங்க."

"சரி" என்றேன்.

வீட்டுக்கு வந்து அவருடைய சூட்கேசைத் திறந்தேன். கட்டாரில் இருந்து வந்தபடியே கட்டிலுக்கடியில் இருந்தது. சேர்ட்டுகள், ஒரு சவர்க்காரம், பாதி தீர்ந்த பற்பசை. அடியில் பச்சை ஸ்வெட்டர், நான் பின்னி அனுப்பியது. அங்கே உள்ள வெயிலுக்கு எதற்கு என்று அப்போது சிரித்தார். போடவே இல்லை போல, மடிப்புக் குலையவில்லை.

மாமி வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் நீட்டினார். நானும் வைத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் பை வாசம் மட்டும்.

கை நீளம் சுதாகருக்குக் கொஞ்சம் கூடும். மடித்துத் தைக்க வேண்டும்.