ஆஸ்பத்திரி விரிப்பில் படிந்த கரி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நிஜமாகவே சுகமாக இருக்க வேண்டும். போனில் நீ கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் வாய் வருகிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்தக் கோடையில் பாதி நாள் கரண்ட் இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் பெரிய டீசல் ஜெனரேட்டர் ஒன்றை நம் மதிலை ஒட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அது ஓடினால் ஜன்னல் கம்பி அதிர்கிறது. உன் அப்பாவுக்கு ஏற்கெனவே காது மந்தம், இப்போது கத்தினால்தான் கேட்கிறது, கத்தினால் நான் சண்டைக்கு வருவதாக நினைத்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார், சிரிக்காதே. நாம் துவைப்பதும் அதே ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள்தானே, நீலம் போட்டுப் பளிச்சென்று மாடியில் காயப்போட்டால் எடுக்கும்போது மிளகுத்தூள் தூவினாற்போலக் கரி, தட்டினால் எண்ணெய்ப் பிசுக்காக இழுபடுகிறது. அப்பா இருமினால் கைக்குட்டையிலும் அதே கறுப்பு. வார்டு சிஸ்டர் மூட்டையைத் திருப்பி அனுப்பி, இதுல நோயாளியை எப்படிம்மா படுக்க வைக்கிறது, வேற ஆள் பாத்துக்கறோம் என்று சொல்லிவிட்டாள்.

அவர்கள் புகைதானே அவர்கள் துணியில் என்று ஆத்திரத்தோடு விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போனேன். சிஸ்டருக்காகக் குறைமாதக் குழந்தைகள் வார்டு வாசலில் நிற்கையில் கரண்ட் போயிற்று. கண்ணாடிப் பெட்டிகளில் உள்ளங்கையளவு குழந்தைகள், விளக்கெல்லாம் அணைந்ததும் பெற்றவள் ஒருத்தி பதறி எழுந்துவிட்டாள். அப்புறம் நம் மதில் பக்கம் அந்தச் சனியன் உறுமியது, வெளிச்சம் வந்தது, அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிஸ்டர் வந்தபோது சுருட்டிய விரிப்பை நான் பிரிக்கவே இல்லை. நிறுத்தச் சொல்லல சிஸ்டர், புகையை மட்டும் வேற பக்கம் திருப்புங்க என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் நல்ல மனிதர், புகைக்குழாயை வளைத்துவிட்டார், துணியும் வெளுத்தது, வேலையும் போகவில்லை. நேற்று பின் தெருத் தையல்காரி கைக்குழந்தையின் சட்டையோடு வந்தாள், சட்டையெல்லாம் கரி. அக்கா, உங்க வீட்டுல இதை எப்படிப் போக்கினீங்க, குழந்தைக்கு மூச்சு இழுக்குது என்றாள். மென்று விழுங்கப் பார்த்தேன், முடியவில்லை, நான் திருப்பச் சொன்னதுதான்டி உன் வீட்டுப் பக்கம் வருது என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. சட்டையை மடித்துக்கொண்டே, எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்க ஒரு வீடு இருக்குமேக்கா என்றாள்.

வடிகட்டி மாட்டினால் கரி குறையும் என்கிறார் எலக்ட்ரீஷியன், மேலே போய்க் கேட்கத்தான் ஆளில்லை. நாளைக்கு அவளும் நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறோம். இப்போதே அலுப்பாக இருக்கிறது, என்ன சொல்லுவாரோ. ஆனாலும் போகாமல் எப்படி இருப்பது.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழுங்கள். வேலை வேலை என்று வெறும் வயிற்றோடு ஓடாதே. அப்பாவிடம் பேசும்போது கொஞ்சம் உரக்கப் பேசு.

உன் அம்மா