தெப்பம் திரும்பி வந்தால்

தவீ,

கஞ்சி அடுப்பில் இருக்கிறது. நம் பிள்ளை நூன் எழுந்ததும் சூடு பண்ணிக் கொடு. ஆற்றுத் தண்ணீர் குடித்திருக்கிறாள். இருமினாலோ, மூச்சு வாங்கினாலோ என் ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

ராத்திரி கத்தியது போதவில்லை, மிச்சத்தை எழுதிவிட்டுப் போகிறேன். லோய் கிரத்தோங் திருவிழா அன்று விளக்கேற்றி ஆற்றில் விட்ட தெப்பம் கரைக்கே திரும்பி வந்தால் வருஷம் முழுக்கப் பீடை என்று நானும் கேட்டுத்தான் வளர்ந்தேன். அதற்காக, தெப்பம் படியோரம் ஒதுங்கியதும் நாலு வயதுப் பிள்ளையிடம், "படியில எறங்கித் தள்ளி விடு கண்ணு" என்று சொல்லிவிட்டு நீ போனில் படம் எடுத்துக்கொண்டு நிற்பாயா? ஆற்றுப் படியெல்லாம் பாசி. வழுக்கி விழுந்தவளைப் படகுக்காரர் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். நீ என்னடாவென்றால், "அதான் ஒண்ணும் ஆகலையே, ஏன் கத்துற?" என்கிறாய்.

தெப்பம் திரும்பி வந்துவிடுமோ என்று பயந்தாயே, பிள்ளை திரும்பி வராமல் போயிருந்தால்?

ரச்சனி

பி.கு.: வண்டிச் சாவி மாட்டும் ஆணியில் அவள் செருப்பை மாட்டியிருக்கிறேன். ஒன்றுதான் இருக்கிறது, மற்றது உன் தெப்பத்தோடு போய்விட்டது. கழற்றி எறியாதே. சாவி எடுக்கும்போதெல்லாம் உன் கண்ணில் படட்டும்.