மனைவியையும் விசாரிப்பார்கள்

செப்டம்பர் 12, திங்கள்
பள்ளிச் சமையலறையில் ஒரு அடுப்பு மக்கர். இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்கு மக்ரோனி, ஒருவழியாய் முடிந்தது. வீட்டுக்குப் போனால் என் கணவன் ரஸ், மேசை முழுக்கப் படிவங்களைப் பரப்பி வைத்திருந்தான். கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு நடமாட உரிமம் வேண்டுமாம்.
"காலம் கெட்டுக் கெடக்கு, கொலீன்."
நான் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 15, வியாழன்
விண்ணப்ப முறையை மாற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் கைரேகை, வழக்கு எதுவும் இல்லையென்று சான்று, அவ்வளவுதான். இந்த மாதத்திலிருந்து பயிற்சி வகுப்பு, நற்சான்று சொல்ல நான்கு பேர், கூடவே மனைவியின் பெயர், தொலைபேசி எண். ஷெரீஃப் அலுவலகப் போலீசார் அவளையும் விசாரிப்பார்கள்.
ரஸ் அந்த வரியை விரலால் தட்டிக் காட்டிச் சிரித்தான். "பாத்தியா? இனிமே நீதான் பெரிய மனுஷி. என் லைசன்ஸே உன் வாயிலதான் இருக்கு."
"நான் என்ன சொல்லப்போறேன்?"
"அதத்தான் நானும் கேக்குறேன்."
இப்போது சிரிக்கவில்லை.

செப்டம்பர் 20, செவ்வாய்
இந்த நோட்டை இனிமேல் பள்ளி அலமாரியிலேயே பூட்டி வைக்கிறேன்.
அவன் என்னை அடித்ததில்லை. எழுதிப் பார்க்கிறேன் — அடித்ததில்லை. நான் உள்ளே இருக்கும்போது குளியலறைக் கதவை உடைத்திருக்கிறான். ஏப்ரலில், தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று, மான் வேட்டைத் துப்பாக்கியை எடுத்துவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் துடைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. இதற்கெல்லாம் வழக்கு உண்டா?
அந்தத் துப்பாக்கி நிலவறையில் இருக்கிறது. அவன் கோபமாய் எழுந்தால் படியில் காலடி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வேன். பதினான்கு படிகள். ஓட நேரம் உண்டு. இந்தக் கைத்துப்பாக்கி இடுப்பிலேயே இருக்கும். இருக்கிறதா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 28, புதன்
துப்பாக்கிக்குத் தோல் உறை வாங்கி வந்துவிட்டான். வெறும் உறையை மாட்டிக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டு, என் முன்னால் சுற்றிக் காட்டினான். "தெரியுதா?"
"தெரியல."

அக்டோபர் 7, வெள்ளி
ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். நேற்றுச் சாயங்காலம், சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். மெக்நாலி என்று ஒரு பெண் அதிகாரி. ரஸ் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தான்.
"வீட்டுல உங்களுக்கு எதுக்காவது பயம் இருக்கா மேடம்?"
"இல்ல."
"இப்ப பக்கத்துல யாராவது இருக்காங்களா?"
ரஸ் இல்லையென்று தலையசைத்தான். "இல்ல" என்றேன்.
பிறகு எங்கே வேலை பார்க்கிறேன் என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள்.
"சமத்து" என்று என் உச்சியில் முத்தமிட்டான். நான் அவன் தட்டில் சாப்பாட்டைப் போட்டேன்.

அக்டோபர் 11, செவ்வாய்
மெக்நாலி இன்று பள்ளிக்கே வந்தாள். சீருடை இல்லை. என்னோடு சமைக்கும் நோரீன்தான் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்தாள்.
"வியாழக்கெழம போன்ல இன்னொரு மூச்சும் கேட்டுச்சு. அதான் நேர்ல வந்தேன்."
நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நோரீன் குழாயை மூடினாள். "சொல்லுடி. நீ சொல்லலன்னா, எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லுவேன்."
சொன்னேன். கதவு. ஏப்ரல். எல்லாம். மெக்நாலி எழுத ஆரம்பித்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "எழுதாதீங்க! அவனுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுடுவான்!"
இதை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல்முறை.
"லைசன்ஸ் கெடையாதுன்னு போற கடிதத்துல உங்க பேரு இருக்காது" என்றாள் மெக்நாலி. "ஆனா அவரு யூகிச்சுக்குவாரு. கடிதம் போறதுக்கு முன்னாடி உங்களுக்குச் சொல்றேன். அன்னைக்கு நீங்க வீட்டுல இருக்கக் கூடாது."
என்ன காரியம் செய்துவிட்டேன்?

அக்டோபர் 19, புதன்
தினமும் தபால் பெட்டியை அவன்தான் திறக்கிறான். "ஏன் இவ்ளோ நாளாகுது? நீ ஏதாவது ஒளறுனியா?"
"ஸ்பீக்கர்ல நீயும்தானே கேட்ட."
என் முகத்தையே பார்த்தான். நானும் பார்த்தேன். எப்படி முடிந்ததோ.

நவம்பர் 2, புதன்
நாளை கடிதம் போகிறதென்று மெக்நாலி சொல்லிவிட்டாள். காலையில் வழக்கம்போல அவனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்துவிட்டு, கைப்பையோடு மட்டும் கிளம்பினேன். ஒரு மாற்றுத்துணிகூட இல்லை. "சாயங்காலம் பால் வாங்கிட்டு வா" என்றான். சரி என்றேன்.
நோரீனோடு நீதிமன்றத்துக்குப் போகிறேன். பிறகு அவள் அத்தை ஊருக்கு. இந்த நோட்டையும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 4, வெள்ளி
என் பக்கம் அவன் வரக்கூடாது என்று ஆணை கிடைத்தது. நிலவறையிலிருந்து, அந்த வேட்டைத் துப்பாக்கியோடு சேர்த்து மூன்று துப்பாக்கிகளைப் போலீசார் எடுத்துப்போனார்களாம். ஒன்றுமே சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டானாம். அதுதான் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 10, சனி
நோரீனின் அத்தை ஊரில் நான் தங்கியிருப்பது ஒரு மாடி வீடு. மதியம் தெருவில் கார்க் கதவு டமாரென்று சாத்திய சத்தம். சுவரோடு ஒட்டி நின்றேன். பதினான்கு வரை எண்ணினேன். பிறகு திரையை விலக்கிப் பார்த்தேன் — மேல் வீட்டுக்காரி, இரண்டு கையிலும் மளிகைப் பைகள், பனியில் வழுக்கி வழுக்கி வருகிறாள்.
கீழே இறங்கிப் போய் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.