பேக்கிங் ஹாலுக்கு வேப்பிலை

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். லேபிள் கட்டு இன்னும் வரவில்லை, கேட்க வேண்டும்.

செல்வியைப் பட்டாசு மருந்து ரூமிலிருந்து என் பேக்கிங் ஹாலுக்கு மாற்றினேன். ஆறாம் மாதம். முன்னே இரண்டு தங்கவில்லை. இனி அந்தப் பொடி நெடி வேண்டாம்.

மாரியக்காவுக்குப் பக்கத்தில் இடம். அக்காவுக்கு அம்மை போட்டு, மூன்றாம் தண்ணீர் ஊற்றி இன்றுதான் வந்தாள். தண்ணீர் ஊற்றினால் முடிந்தது, ஊர்க் கணக்கு அதுதானே. ஜன்னலெல்லாம் சாத்தல். திறந்தால் லேபிள் பறக்கும்.

செல்விக்கு ஒரே சிரிப்பு. "ரீட்டாக்கா, இங்கன நெடியே இல்ல. இன்னிக்குச் சோறு இறங்கும்."

மார்ச் 6, வியாழன்

நேற்று சாம்பல் புதன். கோயிலுக்குப் போகவில்லை.

சாப்பிடும்போது மாரியக்கா கழுத்தைச் சொறிந்தாள். இரண்டு கொப்புளம். பொருக்குக் கட்டவே இல்லை.

"என்னக்கா, இன்னும் காயலையே?"

"தண்ணி ஊத்தியாச்சுல்ல. ஆள் குறையுதுன்னு நீதான சொல்லிவிட்ட?"

ஆமாம். நான்தான். உடனே வீட்டுக்கு அனுப்பினேன். செல்விக்குச் சிறு வயதில் அம்மை போட்டதே இல்லையாம். அவளையும் லீவு போடச் சொன்னேன்.

சித்தி மகள் ஜெசி நர்ஸ். போனில் சொன்னாள்: "மாசமா இருக்கிறவளுக்கு வந்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்துக்கா. பத்து நாளுக்குள்ள ஊசி போடணும்." அதாவது 14-க்குள்.

மார்ச் 7, வெள்ளி

ஹாலைக் கொஞ்ச நாள் மூடலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "லோடு நிக்கிதும்மா. சானிடைசர் வாங்கி வையி." பட்டாசுக் கம்பெனிக்குள் ஸ்பிரிட்! வாசலில் தீப்பெட்டியைப் பிடுங்கி வைக்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது.

ஜன்னலைத் திறந்துவிட்டேன். லேபிள் பறந்தது. பறக்கட்டும்.

சாயங்காலம் ஆமத்தூர், செல்வி வீடு. அவள் மாமியார் ஒரே பிடியாக நின்றாள்.

"அம்மனுக்கு ஊசியா?"

"இன்னும் வரலையே பெரியம்மா. வர்றதுக்கு முன்னாடி போடுறதுதான்."

"வர்றவள வாசல்லயே நின்னு வெரட்டச் சொல்றியாக்கும்?"

செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 10, திங்கள்

வாங்க வேண்டியது: சோப்பு 6, பினாயில், மாதாவுக்கு மெழுகுவர்த்தி. டம்ளர் ஆளுக்கு ஒன்று, அவரவர் வீட்டிலிருந்து.

செல்வி புருஷன் லாரியோடு வடக்கே. போன் எடுக்கவில்லை. பதினோரு தடவை.

மாதாவே, ஆள் கணக்குக்காக மாரியக்காவைக் கூப்பிட்டது நான். செல்வியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார வைத்ததும் நான். சோறு இறங்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

செல்வியே போன். குசுகுசுவென்று.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. அத்த கோயிலுக்குப் போயிருவாக. பத்து மணிக்கு ஆட்டோ கொண்டாங்கக்கா. எனக்கு இந்தப் பிள்ள வேணும்."

ஜெசியிடம் சொல்லிவிட்டேன். ஊசி தயார். அப்பாடா.

மார்ச் 14, வெள்ளி

நிலைப்படியில் வேப்பிலை.

மாமியார் கோயிலுக்குப் போகவில்லை. "ராத்திரி காய்ச்சல். விடியக்காலம் முத்துப் போட்டுருச்சு. உள்ள வராத தாயி." கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

இப்பவும் மாத்திரை உண்டு, உடனே கூட்டி வாக்கா என்றாள் ஜெசி போனில். வாசலில் நின்று கத்தினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். "ஏத்தா, அம்மன் கோவத்த இழுத்து விட்றாத" என்று மாமியார் கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே செல்வி அழுகிற சத்தம். ஆட்டோக்காரர் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மார்ச் 15, சனி

ஹாலில் பதினெட்டுப் பேர். எல்லாரும் மாரியக்காவோடு உட்கார்ந்தவர்கள். பத்மா வீட்டில் கைக்குழந்தை. மேனேஜர் ஜன்னலை மறுபடி சாத்தச் சொல்லியிருக்கிறார்.

வருகிற வழியில் வேப்பங்கொத்து ஒடித்தேன். ஹால் வாசலில் கட்டினேன். கழுத்தில் ஜெபமாலை, கையில் வேப்பிலை, யார் சிரித்தால் என்ன. ஒருத்தியும் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக வீட்டுக்கு.

மேனேஜர் ஓடி வந்தார். "யாரு கட்டுனது? அவுத்துப் போடுங்க."

கூட வந்த லோடுமேன் இரண்டு எட்டு பின்னால் போனார்.

"நீங்களே அவுத்துருங்க சார்" என்றேன்.

கையைத் தூக்கினார். இறக்கிவிட்டார்.

நாலாம் தேதி கட்டியிருக்க வேண்டியது.